பட்டினி போட்டால் பூக்கும் செடி

வீட்டுக்குப் பின்னால் நின்ற கருங்கல் சுவரைப் பற்றி அந்தக் குடும்பத்தில் ஒரு பழைய கேலி உண்டு. தையலக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர். நெடுந்தூரப் பயணத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் திரும்பி வர்ற வரைக்கும் சுவரைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்பார். அவருடைய தம்பி சிரிப்பான். தம்பி மனைவியும் சிரிப்பாள். தையலக்கா பல்லில் கடித்த நூலை விடாமல், "நானே ஊசி மாதிரி இருக்கேன், நான் பிடிச்சா நிக்குமா? உங்க தம்பி பொண்டாட்டியைப் பிடிக்கச் சொல்லுங்க" என்பாள். சின்னவள் நல்ல வாட்டசாட்டமான ஆள். அதற்கும் ஒரு சிரிப்பு. இப்படிச் சிரித்துச் சிரித்தே, சுவர் விழும் என்ற பேச்சுக்கு அந்த வீட்டில் மரியாதை இல்லாமல் போயிற்று. ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் காது மரத்துப் போகும்தானே.

சுவர் வீட்டைவிட உயரம். மேல் தெருவின் மண் முழுவதையும் அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. மேலே, சுவரின் விளிம்பை ஒட்டினாற்போல் வண்டி கழுவும் கடை ஒன்று. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அங்கே தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கும். இறங்கியது எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும். அதற்காகச் சுவரைக் கட்டியவர்கள் கற்களுக்கு நடுவே குழாய்த் துண்டுகளைச் சொருகி வைத்திருந்தார்கள். நல்ல கோடையிலும் அவற்றில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். "சுவர் அது வழியாத்தான் மூச்சு விடுது" என்று சமையலறைத் தரையைச் செப்பனிட வந்த கொத்தனார் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். தையலக்கா அதைக் கேட்டாள். மறக்கவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சுவருக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு சந்து. சந்தின் ஒரு கோடியில், சமையலறைப் பின்கதவை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே தையலக்காவின் மிஷின். மறுகோடியில் பின்னறையின் ஜன்னல். அந்த அறையில்தான் சின்னவள் பகலெல்லாம் தூங்குவாள். அவளுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பு மாற்றி, விடிந்த பிறகு வீடு வந்து சேருவாள். வந்ததும் ஒரு வாய் தேநீர், பிறகு கட்டில். மிஷின் கடகடவென்று ஓடினால்தான் அவளுக்குத் தூக்கம் பிடிக்கும். ஓட்டம் நின்றால் புரண்டு படுப்பாள். "உங்க மிஷின் எனக்குத் தாலாட்டுக்கா" என்று சொல்வாள். சுவர் என்றைக்காவது வந்தால், அது முதலில் எட்டிப்பார்க்கிற இடம் அந்தக் கட்டில்தான்.

தையலக்காவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவில் யார் தோள் சாய்ந்தது, யார் இடுப்பு பெருத்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கொடுத்த நாளில் கொடுத்துவிடுவாள். தையல் பிரிந்தது என்று ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. ஆனால் மிச்சத் துணி மட்டும் கேட்கக் கூடாது. எவ்வளவு தாராளமாக எடுத்துக் கொடுத்தாலும், "எங்கம்மா மிஞ்சுச்சு, இழுத்துப் பிடிச்சுத்தான் தைச்சேன்" என்பாள். தையல்காரர்கள் எல்லோரும் சொல்கிற பொய்தான், யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. சின்னவளின் நீலச் சீருடையைத் தைத்தபோதும் அதே கதை. "அக்கா, கொஞ்சம் துணி மிஞ்சியிருந்தா சாப்பாட்டுப் பைக்கு ஒரு உறை தைச்சுக்கலாம்" என்று அவள் கேட்டாள். "மிச்சமா? கைக்கே பத்தலடி" என்றாள் தையலக்கா. மிஷினுக்கு அடியில் இருந்த மூட்டையில் நீலத் துணி அழகாகச் சுருட்டி வைத்தபடி இருந்தது.

அவளுக்கு இன்னொரு குணம்: பாராட்டு தன்னைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனால் பொறுக்காது. அடுத்த அறைக்குப் போனால் அதைவிடப் பொறுக்காது. சின்னவள் இந்த வீட்டுக்கு வரும்வரை கெட்டிக்காரி என்றால் பெரியவள்தான். வந்த பிறகு, "உன் ஓரகத்தி ஆஸ்பத்திரியில என்னமா பாத்துக்கறா தெரியுமா, எங்கம்மாவைத் தாங்கு தாங்குன்னு தாங்கினா" என்று அளவு கொடுக்க வருகிறவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். தையலக்கா அளவுநாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பாள். அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே தள்ளுவண்டியில்தான் செடி வாங்கினார்கள். சின்னவள் செம்பருத்தி எடுத்தாள். தையலக்காவுக்கு நிறம்தான் முக்கியம். வண்டியிலேயே பளிச்சென்று கத்தரிப்பூவும் சிவப்பும் கலந்த நிறத்தில் கொட்டிக்கிடந்த காகிதப்பூவை எடுத்தாள். சந்தில் சுவரடியில் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். இரண்டின் தலைக்கு மேலும் குழாய்த் துண்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன.

செம்பருத்திக்கு அது மாமியார் இல்லாத வீடு மாதிரி அமைந்துவிட்டது. அரை நாள் வெயில், வேரில் எப்போதும் ஈரம். தினமும் விடியும்போது உள்ளங்கை அகலத்தில் பூ விரியும், மாலையில் சுருண்டு விழும், மறுநாள் வேறு பூ. காகிதப்பூவோ வாங்கும்போது இருந்த நிறத்தையெல்லாம் உதிர்த்துவிட்டு இலைவிட ஆரம்பித்தது. இலை, முள், மேலும் இலை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியதே தவிர, ஒரு பூ கிடையாது.

"அக்கா, உங்க செடி நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்குது, என்னை மாதிரி" என்றாள் சின்னவள். அவள் கேலி செய்தது தன்னைத்தான். தையலக்காவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

செடிக்காரர் மறுபடி தெருவுக்கு வந்தபோது அவரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் இலையைத் தொட்டுப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார். அண்ணாந்து குழாயையும் பார்த்தார்.

"இவ்வளவு ஈரத்துல எப்படிம்மா பூக்கும்? இது வறண்ட இடத்துச் செடி. வெயில்ல காயணும், மண்ணு பொருபொருன்னு இருக்கணும், இலை வாடற வரைக்கும் தண்ணி காட்டக் கூடாது. செத்துருவோமோன்னு பயம் வந்தாத்தான் இது பூக்கும்."

"அப்ப அது?" என்று செம்பருத்தியைக் காட்டினாள்.

"அது நேர் எதிர். அதுக்கு ஒரு நாள் தண்ணி தப்பினா மொட்டைக் கொட்டிரும். நல்ல மண்ணு, நல்ல தீனி, தினம் தண்ணி. செல்லப் பிள்ளை. இது பட்டினி போட்டா பூக்கும், அது பட்டினி போட்டா போயிரும். ரெண்டையும் ஒரே குழாய்க்குக் கீழ வெச்சா ஒண்ணு அழத்தான் செய்யும்." சிரித்துவிட்டு மேலும் சொன்னார்: "இன்னொண்ணு தெரியுமா, இதுல கலரா இருக்கறது பூவே இல்ல, இலைதான். உள்ள வெள்ளையா, பொடிசா இருக்கும் பாருங்க, அதுதான் பூ."

பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, வேரை அசைத்தால் இது பிழைப்பது கஷ்டம் என்றார். வண்டி நகர்ந்துவிட்டது. தையலக்கா சந்தில் நின்று வெகுநேரம் அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கொழுந்தன் தான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போன பிறகு, பின்னறையில் சின்னவளின் குறட்டை சீராகிற வரைக்கும் மிஷினை ஓட்டினாள். பிறகு மூட்டையைப் பிரித்தாள். கையில் முதலில் வந்தது நீலத் துணி. அதைத் திரியாக முறுக்கி, தரை செப்பனிட்டபோது மிஞ்சிய சிமென்டைக் கரைத்து அதில் தோய்த்து, முக்காலியைப் போட்டு ஏறி, காகிதப்பூவுக்கு மேலிருந்த குழாய்களில் ஒவ்வொன்றாகத் திணித்தாள். கரண்டிக் காம்பால் அழுத்தி, மேலே சிமென்டை வழித்துப் பூசினாள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவளின் கை, ஒரு பிசிறு தெரியவில்லை. பாதியில் மிஷின் ஞாபகம் வந்து, இறங்கிப்போய் வெறும் துணி ஒன்றைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்தாள். சின்னவள் புரண்டு படுக்கக் கூடாதே.

அங்கே அடைத்ததும் தண்ணீர் செம்பருத்திப் பக்கத்துக் குழாய்களில் சேர்ந்து கொட்டியது. கொட்டின தண்ணீர் மண்ணில் பரவி மறுபடி காகிதப்பூவின் காலைத்தான் நனைத்தது. சில நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் அந்தக் குழாய்களையும் அடைத்தாள். அப்போது மனது கொஞ்சம் இடித்தது. செம்பருத்திக்கு வாளியில் ஊற்றிக்கொள்ளட்டுமே, கையா இல்லை அவளுக்கு என்று சொல்லி மனதையும் அடைத்துவிட்டாள்.

காகிதப்பூ மிரண்டு போயிற்று. இலைகள் தொங்கின, பழுத்தன, உதிர்ந்தன. பிறகு ஒரு வாரத்தில் கொப்புக்குக் கொப்பு நிறம் வெடித்தது. சுவரில் கல் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்துக்குள் வந்து நின்று வாயைப் பிளந்தார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தி, ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள், அதன் முன்னால் நின்று விதவிதமாகப் படம் பிடித்துக்கொண்டாள். தையலக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கணவரிடம் ஃபோனில், "சுவரை நான் பிடிக்க வேண்டாம், என் செடியே பிடிச்சுக்கிச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் செம்பருத்தி மொட்டுக்களைக் கொட்டியது. இலை மஞ்சளாயிற்று. தண்டில் வெள்ளைவெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. சின்னவள் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்த காலோடு வாளி வாளியாகத் தூக்கினாள். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு தண்டாகத் துடைத்தாள். "முன்னெல்லாம் நான் ஒரு சொட்டு ஊத்தினதில்லையேக்கா. அந்தக் குழாயெல்லாம் ஏன் நின்னுபோச்சு?" என்று கேட்டாள்.

"மேல கடையில தண்ணி கம்மியா இருக்கும்" என்றாள் தையலக்கா, தலை நிமிராமல். மேலே தண்ணீர் பீய்ச்சியடிக்கிற சத்தம் இருவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து, துணி காயப்போடும் கயிறு தொய்ய ஆரம்பித்தது. சுவரில் அடித்த கொக்கிக்கும் வீட்டுத் தூணுக்கும் இடையில் கட்டிய கயிறு. தொய்ந்த அளவை வெட்டிவிட்டு இழுத்துக் கட்டினாள் தையலக்கா. மறுபடி தொய்ந்தது. மறுபடி வெட்டினாள். ஈரக் கம்பளியைத் தூக்கிப் போட்டதால்தான் இப்படி என்று சின்னவள் மேல் பாய்ந்தாள். சின்னவளும் விடவில்லை. "ஒரு கயிறைக்கூட நான் கெடுத்துட்டேன்னா, என்னதான்க்கா நான் செய்யாதது?" என்று கேட்டுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு சுருங்கிவிட்டது. தேநீர் டம்ளரை வைப்பதும் எடுப்பதும் மட்டும் நடந்தது.

கொழுந்தன் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிற சாது. சண்டைக்குக் காரணம் கயிறுதானே என்று அவன் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல தடித்த இரும்புக் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டினான். "இனிமே யானையைக் காயப்போட்டாலும் தொங்காது" என்றான்.

அதற்குப் பிறகு காலையில் மிஷின் மேல் மணல் கிடக்க ஆரம்பித்தது. சன்னமான மணல், தைத்து வைத்த துணி மடிப்பிலெல்லாம். எலி பறிக்கிறது என்று நினைத்துத் தட்டிவிட்டாள். சுவரின் மேல்பாதியில், இதுவரை ஈரமே பார்க்காத கற்களில், ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. அது மெல்லப் பெரிதாயிற்று. அது கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பூவைப் பார்ப்பாள், சரியாகிவிடும்.

ஒருநாள் துவைத்த துணியைக் கம்பியில் போட்டாள். கம்பி வயிறு தொங்கிப் போயிருந்தது. தையலக்கா துணியை எடுத்துவிட்டுப் பார்த்தாள். துணி இல்லாமலும் தொங்கியது. கொக்கி கழன்றிருக்கும் என்று போய்த் தொட்டாள், இறுக்கமாக இருந்தது. தூணில் கட்டிய முடிச்சும் அப்படியே இருந்தது. கயிறு என்றால் இழுபடும், நனைந்தால் நீளும். கம்பி எப்படி நீளும்? நீளாவிட்டால், கட்டிய இரண்டு முனையில் ஒன்று கிட்டத்தில் வந்திருக்க வேண்டும். மிஷின் பெட்டியில், எதையும் எறியாத பழக்கத்தால் எடுத்து வைத்திருந்த கயிற்றுத் துண்டுகள் கிடந்தன. அவற்றை எடுத்து மடியில் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிப் பார்த்தாள். அளவுநாடா அவள் கழுத்தில்தான் தொங்கியது. அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. துண்டுகளை மறுபடி பெட்டியில் போட்டு மூடிவிட்டு ஒரு பாவாடைக்கு நாடா கோத்தாள்.

தெரியாது என்று அவள் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவள் பாடுபட்டாள், அவ்வளவுதான். கொழுந்தனிடம் சொல்லலாம். சொன்னால், குழாய் எப்படி அடைபட்டது என்று கேட்பான். கேட்டால் நீலத் துணி வெளியே வரும். அதை நினைத்தாலே வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். அவள் தள்ளிப்போட்ட ஒவ்வொரு பகலும் சின்னவள் அந்தக் கட்டிலில் தூங்கினாள்.

கடைசியில் அவள் கண்ணைத் திறந்தது செடிதான். வேலை முடிந்து வந்த சின்னவள் நேராகச் சந்துக்குள் போய், அங்கிருந்து கூப்பிட்டாள். பேச்சு நின்றுபோன பிறகு அவள் இப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"அக்கா, இங்க வாங்களேன். சீக்கிரம் வாங்க."

போய்ப் பார்த்தால் செம்பருத்தியில் புதுத் துளிர். நுனியில் மொட்டு, ஒன்றல்ல, கொத்தாக.

"நான் கைவிட்டுட்டேன்க்கா. தண்ணி ஊத்தறதையே நிறுத்திட்டேன். தானா பொழச்சு வந்துருக்கு பாருங்க." சின்னவளின் முகம் தூக்கக் கலக்கத்திலும் குழந்தை மாதிரி மலர்ந்திருந்தது. "கயிறு விஷயத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். தையலக்காவின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

தையலக்கா தன் செடியைப் பார்த்தாள். தரையெல்லாம் நிறம் உதிர்ந்து கிடந்தது. கொப்புகளில் பச்சைப்பசேல் என்று இளந்தளிர், அடர்த்தியாக, கொழுகொழுவென்று. மேலே குழாய்கள் அடைத்தபடிதான் இருந்தன. ஒரு சொட்டு இல்லை. ஒரு மாதமாக யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பட்டினி கிடந்த செடிக்கும், செத்துக்கொண்டிருந்த செடிக்கும் ஒரே நேரத்தில் வயிறு நிறைந்திருந்தது. காலடியில் மண் நொதநொதவென்று அமுங்கியது. தண்ணீர் சுவருக்கு அடியில் இறங்கி, அஸ்திவாரத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அப்போதும் அவள் முதலில் ஓடியது கத்தரிக்கோலை எடுக்கத்தான். யாருக்கும் தெரியாமல் அடைப்பை எடுத்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. துணி வெட்டுகிற பெரிய கத்தரியின் முனையால் கீழ்க் குழாயின் சிமென்டைக் குத்தினாள், நோண்டினாள். பூச்சு பெயர்ந்தது. திரியின் நுனியைப் பிடித்து இழுத்ததும், துணி தானாகவே வெடித்து வெளியே வந்து அவள் மார்பில் அடித்தது. பின்னாலேயே தண்ணீர். தெளிந்த தண்ணீர் இல்லை. மண்ணும் கூழாங்கல்லுமாகக் கலங்கிப் பீய்ச்சியது. சுவருக்குள் எங்கேயோ கல்லும் கல்லும் உரசிக்கொண்டன, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி. பிறகு கம்பி, அவள் கண்ணெதிரே, இன்னும் கொஞ்சம் இறங்கியது.

பின்கதவு வழியாக உள்ளே ஓடினாள். சின்னவள் கண் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். பிடித்து உலுக்கினாள்.

"எந்திரி. எந்திரிடி. சுவர் விழப்போகுது."

"அது நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து விழப்போகுது" என்று துண்டுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "போங்கக்கா. இப்பத்தான் கண்ணசந்தேன்."

கையைப் பிடித்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை. ஊசி எங்கே, இவள் எங்கே. ஜன்னலுக்கு வெளியே சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டது. சுவர் என்று எத்தனை தடவை கத்தினாலும் இவள் எழுந்திருக்கமாட்டாள் என்பது தையலக்காவுக்குப் புரிந்தது. அந்த வார்த்தையைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து சிரித்தே சாகடித்துவிட்டார்களே. இவளைக் கட்டிலிலிருந்து கிளப்பக்கூடிய சொல் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"உன் செடியைச் சாகடிக்கப் பாத்தது நான்தான்" என்றாள்.

துண்டு கொஞ்சம் விலகியது.

"குழாய் தானா நிக்கல. நான் அடைச்சேன். நீ இங்க தூங்கிட்டிருக்கும்போது, முக்காலி போட்டு ஏறி அடைச்சேன்."

சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

தையலக்கா வாசலை நோக்கிப் பின்னால் ஒரு எட்டு வைத்தாள். "என் செடி பூக்கணும்னு அடைச்சேன். அப்புறம் உன் செடி மேல இருந்ததையும் அடைச்சேன். அது காஞ்சா காயட்டும்னுதான் அடைச்சேன்."

சின்னவள் கட்டிலைவிட்டு இறங்கினாள். தையலக்கா நடுக்கூடத்துக்குப் பின்னோக்கி நகர்ந்தாள். சொல்வதற்குப் பொய் எதையும் அவள் தேட வேண்டியிருக்கவில்லை. சரக்கு ஏராளமாக இருந்தது.

"நீ வாளி வாளியாத் தூக்கும்போது மிஷின்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எந்திரிச்சு ஒரு வாளி பிடிக்கல. பாக்க நல்லா இருந்துச்சு எனக்கு."

"அக்கா, வேணாம்."

"நீ இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்தே எனக்கு உன்னைப் பிடிக்கல. ஊரு உன்னை மெச்சுது இல்ல, அது பிடிக்கல. கயிறு தொங்கினதுக்கு உன் மேல பழி போட்டேன், நீ கெடுக்கலைன்னு தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்கல."

சின்னவளுக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. கால்களை வேகமாக எடுத்து வைத்து வந்தாள். தையலக்கா படியில் தடுக்கி, சமாளித்து, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, எதிர்வீட்டு மதில்வரைக்கும் பின்னோக்கியே போனாள். சின்னவள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மறுகை அடிக்க ஓங்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம். காதில் விழுவதற்கு முன் காலில் தெரிந்தது. வீட்டின் பின்பாதி, பழைய துணி கிழிவது மாதிரி ஒரு நீண்ட சத்தத்துடன் உள்ளே போயிற்று. வாசல் வழியாகப் புழுதி வெளியே வந்து இருவரையும் மூடியது. அது அடங்கியபோது, வாசல் கதவுக்குப் பின்னால் கூடம் தெரிந்தது, கூடத்துக்குப் பின்னால் கருங்கல்லும் மண்ணும் தெரிந்தன. பின்னறை என்று ஒன்று இல்லை. ஓங்கிய கை இறங்காமல் அப்படியே நின்றது.

தெருவே கூடிவிட்டது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ மேலே ஓடிப்போய் வண்டி கழுவும் கடையை நிறுத்தச் சொன்னார்கள். அங்கேயும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடையின் ஓரத்தில் தரை மட்டும் வாய் பிளந்திருந்தது. கொழுந்தன் அச்சகத்து மையோடு ஓடிவந்து, மனைவியைக் கண்டதும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். சின்னவள் தையலக்காவின் தோளில் கைபோட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

"சுவர் விழுதுன்னாங்க, நான் எந்திரிக்கல. அப்புறம் என்ன செஞ்சாங்க தெரியுமா? எனக்குக் கோவம் வரணும்னு வாய்க்கு வந்த பொய்யையெல்லாம் சொன்னாங்க. செடியைச் சாகடிக்கப் பாத்தாங்களாம், என்னைப் பிடிக்கலையாம். நானும் அடிக்கவே போயிட்டேன். அந்தப் பொய் இல்லேன்னா நான் இன்னிக்கு இல்ல."

"பெரியவ கெட்டிக்காரிப்பா" என்றது கூட்டம். எத்தனையோ நாள் கழித்து அந்த வார்த்தை அவளிடம் திரும்பி வந்திருந்தது. தையலக்காவின் பார்வை தரையிலேயே இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் போதும். கல்லுக்கு அடியில் எல்லாமே போய்விட்டது, செடியும் குழாயும் மிஷினும். கேட்பதற்கு ஆள் இல்லை. தோளில் கிடந்த கை கனமாக, சூடாக இருந்தது.

"பொய் இல்ல" என்றாள்.

சின்னவள் முதலில் சிரித்தாள். "போதும்க்கா, இனிமே எதுக்கு?"

"பொய் இல்லடி. அத்தனையும் நிஜம்."

தையலக்கா வலது கையை விரித்தாள். குழாயிலிருந்து வெடித்து வந்ததை அவள் அப்போதிலிருந்தே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. சேறும் சிமென்டும் அப்பிய ஒரு திரி. சின்னவள் அதை வாங்கினாள். சட்டையில் தேய்த்தாள், பிரித்தாள். சேற்றுக்கு அடியிலிருந்து நீலம் வந்தது. அவள் இன்னும் மாற்றாமல் போட்டுக்கொண்டிருந்த சீருடையின் அதே நீலம்.

தோளிலிருந்த கை எப்போது போயிற்று என்று தையலக்கா கவனிக்கவில்லை. சின்னவள் அந்தத் துணியைத் தன் சீருடையின் ஓரத்தோடு வைத்துப் பார்த்தாள். செடியைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரைப் பற்றியும் கேட்கவில்லை.

"மிச்சமே இல்லேன்னு சொன்னீங்களேக்கா" என்றாள்.